உப்பு அள்ளப் போனவர்களுக்குச் சோறு போட்டவர்கள்

1930 ஏப்ரலில் தஞ்சாவூர் மாவட்டக் கலெக்டராக இருந்தவர் ஜே. ஏ. தார்ன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. அவர் மாவட்டம் முழுக்க ஓர் எச்சரிக்கையைப் பரப்பினார். திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்துவரும் காங்கிரஸ் தொண்டர்களுக்கு யாராவது சோறு போட்டாலோ படுக்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் ஜெயில், அதோடு அபராதம். தமிழில் அச்சடித்துக் கொடுத்தார்கள். தண்டோரா போட்டும் சொன்னார்கள்.

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது நான்கைந்து வரிதான். வடக்கே தண்டி, தெற்கே வேதாரண்யம். அங்கே காந்தி, இங்கே ராஜாஜி. வழிநடைப் பாட்டு எழுதியவர் நாமக்கல் கவிஞர். தேர்வில் இரண்டு மதிப்பெண். தார்ன் போட்ட உத்தரவுக்கு அந்தப் பாடத்தில் இடம் கிடையாது. எனக்கு என்னவோ, அந்த உத்தரவை விட்டுவிட்டால் இந்தப் போராட்டம் ஏன் அவ்வளவு தூரம் ஊருக்குள் இறங்கியது என்பதே புரியாது என்று தோன்றுகிறது. உப்புக்காக ஆரம்பித்த சண்டையை அந்த ஒரு துண்டறிக்கை சோற்றுச் சண்டையாக மாற்றிவிட்டது. உப்பு விஷயத்தில் அரசுக்கு ஓரளவு பிடிமானம் இருந்தது. சோற்று விஷயத்தில் எதுவும் இல்லை, அதுவும் தஞ்சாவூரில்.

முதலில் உப்புக்கு வருவோம். உப்புக் காய்ச்சுவதும் விற்பதும் அரசின் பிடியில் இருந்தன. உரிமம் இல்லாமல் காய்ச்சினால் குற்றம். கடலோரச் சதுப்பில் வெயிலுக்குத் தானாகப் பூத்துக் கிடக்கும் உப்பை ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தாலும் குற்றம். அப்படிப் பூக்கும் உப்பை மக்கள் எடுத்துவிடக் கூடாது என்று அதிகாரிகள் ஆள்விட்டு அதை அழித்த கதையெல்லாம் உண்டு. 1923இல் இந்த வரியை இரண்டு மடங்காக உயர்த்தினார்கள். எதிர்ப்பு வலுத்ததால் அடுத்த ஆண்டே குறைக்கவும் செய்தார்கள். அரசின் மொத்த வரி வருவாயில் உப்பிலிருந்து வந்தது சுமார் 8 விழுக்காடு. பெரிய தொகைதான், ஆனால் அது நின்றால் அரசே கவிழ்ந்துவிடும் என்று சொல்ல முடியாது.

அதனால்தான் காந்தி உப்பைக் கையில் எடுத்தபோது காங்கிரஸ் தலைவர்கள் பலருக்கே அது விளையாட்டாகத் தெரிந்தது. பூரண சுயராஜ்யம் கேட்கிற கட்சி உப்புக்காகவா தெருவில் இறங்குவது? வைஸ்ராய் இர்வினும், இந்த உப்புப் போராட்டத்தை நினைத்துத் தனக்குத் தூக்கம் கெடவில்லை என்று லண்டனுக்கு எழுதினார். 1930 மார்ச் 2ஆம் தேதி காந்தி எழுதிய கடிதத்தை ரெஜினால்ட் ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தபோதும் இர்வின் அசரவில்லை.

காந்தி போட்ட கணக்கு வேறு. எந்தச் சட்டத்தை மீறுவது என்று தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் போராட்டம் இருக்கிறது. நிலவரி கட்ட மறுத்தால் நிலம் போகும். 1928இல் குஜராத்தின் பர்தோலி விவசாயிகள் அதற்கும் துணிந்தார்கள், ஆனால் எல்லா ஊரும் பர்தோலி ஆகாது. நிலம் இல்லாதவனுக்கு அந்தப் போராட்டத்தில் இடமும் இல்லை. உப்பு அப்படியல்ல. பண்ணையாரும் தின்கிறார், பண்ணையாளும் தின்கிறான். வெயிலில் வியர்வை சிந்துகிறவனுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். அந்தச் சட்டத்தை மீற ஆயுதம் வேண்டாம், படிப்பு வேண்டாம், ஒரு பானையும் கொஞ்சம் கடல்தண்ணீரும் போதும். மீறுகிறவனைப் பிடித்தால், ஒரு பிடி உப்புக்காக மனிதனை அடித்த அரசு என்ற பெயர் வரும். பிடிக்காமல் விட்டால் சட்டம் செத்துப்போகும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அரசுக்கு நஷ்டம். மார்ச் 12ஆம் தேதி சபர்மதியிலிருந்து கிளம்பிய காந்தி ஏப்ரல் 6ஆம் தேதி தண்டியில் குனிந்து உப்பை எடுக்கும்வரை, அவரைக் கைது செய்வதா வேண்டாமா என்று அரசு தடுமாறிக்கொண்டிருந்தது இதனால்தான்.

தமிழ்நாட்டில் இதே வேலையை எடுத்துக்கொண்டவர் சேலத்து வக்கீல் சி. ராஜகோபாலாச்சாரி. அப்போது அவருக்கு வயது 51. ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாள். அன்று விடியற்காலையில் திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து ஏறக்குறைய 100 தொண்டர்கள் கிளம்பினார்கள். இலக்கு 150 மைலுக்கு அப்பால் இருந்த வேதாரண்யம். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. அங்கே உப்புச் சதுப்பு பரந்து கிடந்தது. எல்லாவற்றையும்விட, வரவேற்று வைத்துக்கொள்ள வேதரத்தினம் பிள்ளை இருந்தார். ஊரில் செல்வாக்குள்ள மனிதர், வசதியான குடும்பம், இழப்பதற்கு நிறைய உள்ளவர். இது முக்கியம், பிறகு வருகிறேன்.

சென்னை நகரத்துக் கடற்கரையிலேயே உப்புக் காய்ச்சியிருக்கலாம். அங்கே காங்கிரஸ் தலைவர்கள் பிரகாசமும் நாகேஸ்வர ராவும் அதைத்தான் செய்தார்கள். ராஜாஜிக்கு வேண்டியிருந்தது உப்பு மட்டுமல்ல, 15 நாள் சாலையும்தான். ஒவ்வொரு நாளும் ஓர் ஊர், ஒவ்வோர் ஊரிலும் ஒரு கூட்டம், கதர், மதுவிலக்கு, தீண்டாமை பற்றிப் பேச்சு. உப்பை அள்ள ஐந்து நிமிடம் ஆகும். அதற்கு முன்னால் காவிரிப் பாசனம் முழுவதையும் நடந்தே தாண்ட வேண்டும் என்பதுதான் திட்டத்தின் உயிர்.

இந்த இடத்தில்தான் கலெக்டருக்குச் சிக்கல் வந்தது. சாலையில் நடப்பது குற்றமல்ல. பாட்டுப் பாடிக்கொண்டு நடப்பதும் குற்றமல்ல. அவர்கள் வேதாரண்யம் போய் உப்பைத் தொடுகிறவரைக்கும் உப்புச் சட்டத்தில் கை வைக்க வழியில்லை. அதற்குள் அவர்கள் மாவட்டத்தையே கலக்கிவிடுவார்கள். ஆக, நடக்கிறவர்களைத் தொட முடியாது, அவர்களைச் சுமக்கிறவர்களைத் தொடலாம் என்று தார்ன் முடிவுக்கு வந்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆம் பிரிவை எடுத்தார். சட்டவிரோதமாகக் கூடுவதற்காகக் கூலிக்கோ வேறு வகையிலோ அமர்த்தப்பட்ட ஆட்களுக்கு, அது தெரிந்தே, வீட்டில் இடம் கொடுப்பவர்களைத் தண்டிப்பதற்கான பிரிவு அது. அடியாட்களை வைத்துச் சோறு போடும் ஜமீன்தாருக்காக எழுதியது போல இருக்கும் அதை வைத்து, வாசலில் வந்து நின்றவனுக்கு மோர் ஊற்றிக் கொடுக்கிற கிழவியைப் பிடிக்கப் பார்த்தார்கள்.

நிர்வாகியின் கண்ணால் பார்த்தால் அது மோசமான யோசனை இல்லை. சித்திரை வெயில். நூறு பேர். கையில் மூட்டை முடிச்சு அதிகம் கிடையாது. வேளைக்கு நூறு இலை போட வேண்டும். சோறு நின்றால் மூன்றாம் நாள் படை தானாகக் கலைந்துவிடும். ஒருவர் மீதும் தடி வீச வேண்டியதில்லை. லண்டன் பத்திரிகைகளுக்குச் செய்தியும் கிடைக்காது.

ஆனால் அவர் எந்தச் சாலையில் இதைச் செய்தார் என்று பாருங்கள். தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் என்று பெண்கள் பெயரில் நிற்கும் அந்தக் கட்டடங்கள் இன்றைக்கும் பல ஊர்களில் பாதி இடிந்தும் பாதி பள்ளிக்கூடமாகவும் இருக்கின்றன. வேலை ஒன்றுதான்: வழிப்போக்கனுக்குச் சோறு. யார், எந்த ஊர் என்று கேட்காமல் போட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது, சாதி பார்த்துத்தான் பந்தி இருந்தது. இருந்தாலும் நடந்து வந்தவனைப் பசியோடு அனுப்பக் கூடாது என்பது அந்த மண்ணில் பேச்சுக்கு அப்பாற்பட்ட விஷயம். அந்தச் சாலையில் போய், நடந்து வருகிறவனுக்குச் சோறு போடாதே என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி தண்டோரா போட்டார்.

அதுவரை ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இந்த யாத்திரை தங்கள் விஷயமாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. டெல்டாக்காரனுக்கு நெல் விலை தெரியும், வாய்க்கால் தகராறு தெரியும். உப்பு வரி ஏதோ காலணா சமாச்சாரம். அதை எதிர்க்க வேண்டுமானால் கடற்கரை வரை நடக்க வேண்டும், ஜெயிலுக்குப் போக வேண்டும், அது தொண்டர்களின் வேலை. தார்ன் உத்தரவு போட்ட மறுநாளிலிருந்து நிலைமை வேறு. இப்போது சட்டத்தை மீற எங்கேயும் போக வேண்டாம். உங்கள் வீட்டு அடுப்பில் நாலு படி அரிசி கூடுதலாகப் போட்டால் போதும். அவ்வளவு சல்லிசாக ஒரு போராட்டத்துக்குள் நுழைய வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? அதைவிட, நுழையாமல் இருப்பதும் இனி சும்மா இருப்பதாகாது. கதவைச் சாத்திக்கொண்டால், வெள்ளைக்காரனுக்குப் பயந்து பசித்தவனைத் துரத்தியவன் என்ற பெயர் ஊரில் நிற்கும். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் கலெக்டரே பிடித்து இழுத்து நடுவில் விட்டுவிட்டார்.

நடந்தது ஊரறிந்த கதை. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டினார்கள்? தெரியாது. மரத்தையா கைது செய்வது? ஆற்றங்கரையில் தொண்டர்கள் இளைப்பாற உட்கார்ந்தால், சோறு நிறைந்த பெரிய அண்டாக்கள் மண்ணுக்குள் புதைந்து காத்திருந்தன. மேட்டூர் அணை கட்டி முடியாத காலம் அது, 1934இல்தான் முடிந்தது. சித்திரையில் காவிரிக் கிளைகள் எல்லாம் வெறும் மணல்தான். அண்டாவைப் புதைக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது.

கும்பகோணத்தில் இன்னொரு விதமாக நடந்தது. பந்துலு ஐயர் என்ற காங்கிரஸ்காரர் மறைக்கவெல்லாம் இல்லை. தொண்டர்களை வெளிப்படையாகவே வரவேற்றுத் தங்க வைத்தார், விருந்து போட்டார், பிறகு ஆறு மாதம் ஜெயிலுக்குப் போனார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பேன். காந்தியின் இலக்கணப்படி சத்தியாகிரகி எதையும் ஒளித்துச் செய்யக் கூடாது. முன்கூட்டியே அறிவித்துவிட்டு, மீறிவிட்டு, தண்டனையை ஏற்க வேண்டும். பந்துலு ஐயர் செய்தது அது. இருட்டில் வந்து பொட்டலம் கட்டிவிட்டு ஓடியவர் செய்தது இலக்கணப் பிழை. ஆனால் பந்துலு ஐயரைப் போல ஊருக்கு ஒருவர்தான் கிடைப்பார். பெயர் வெளியே தெரியாமல் உதவுகிறவர்கள் நூறு பேர் கிடைப்பார்கள். அதில் அரசின் தயவு தேவைப்பட்ட மிராசுதாரும் இருக்கலாம், அரசுச் சம்பளம் வாங்குகிறவரும் இருக்கலாம். ஒருவர் ஜெயிலுக்குப் போவதால் மற்ற நூறு பேருக்குத் தைரியம் வருகிறது. நூறு பேர் ஒளிந்து செய்வதால் அந்த ஒருவர் தனியாக நிற்கவில்லை என்று ஆகிறது. அகிம்சைப் போராட்டம் பற்றிப் பேசும்போது முதல் வகை வீரர்களை மட்டும் சொல்வது நம் வழக்கம். இரண்டாவது வகை இல்லாமல் நூறு பேர் நீடாமங்கலம் தாண்டி மன்னார்குடிக்குக்கூடப் போயிருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 28ஆம் தேதி அவர்கள் வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள், ஒருவரும் பட்டினியில் சுருண்டு விழாமல். அரசின் மீது மக்களுக்கு முன்பு ஏதாவது பற்று இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்ற பொருளில் தார்ன் சென்னைக்கு எழுதிய அறிக்கை பற்றிச் சொல்வதுண்டு. அந்தச் சாவுக்குத் தன் துண்டறிக்கையும் ஒரு காரணம் என்று அவருக்குத் தோன்றியிருக்குமா?

ஏப்ரல் 30 காலையில் ராஜாஜி சில தொண்டர்களோடு அகஸ்தியம்பள்ளி சதுப்புக்குப் போய் உப்பை அள்ளினார். போலீஸ் வந்தது. கைது, அன்றே விசாரணை, ஆறு மாதக் கடுங்காவல். இதைப் பள்ளிப் புத்தகம் உச்சக்கட்டமாகச் சொல்லும். என் கணக்கில் உச்சம் முன்பே முடிந்துவிட்டது, இது சடங்கு. ஆனால் சடங்குக்குப் பிறகு நடந்தது லேசானதல்ல. நாள்தோறும் புதுத் தொண்டர்கள் போய் அள்ளினார்கள். கைக்குள் மூடிய உப்பை விடமாட்டேன் என்று முஷ்டியை இறுக்கிக்கொள்வார்கள். போலீஸ் மணிக்கட்டில் அடிக்கும், விரல்களைப் பிரிக்கும். மதுரையிலிருந்து வந்த வைத்தியநாத ஐயர் போன்றவர்கள் அடிவாங்கியது இங்கேதான். ருக்மணி லட்சுமிபதி இங்கே கைதாகி ஓராண்டுத் தண்டனையோடு வேலூர் ஜெயிலுக்குப் போனார். விருதுநகரிலிருந்து வந்த காமராஜ் என்ற 26 வயது இளைஞர் முதன்முதலாகச் சிறைக்குப் போனதும் இந்தப் போராட்டத்தில்தான். வேதரத்தினம் பிள்ளையும் ஜெயிலுக்குப் போனார். அவருடைய சொத்துகள் பறிமுதலாயின. இழப்பதற்கு நிறைய உள்ளவர் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அதை அரசு சரியாகக் குறிபார்த்து எடுத்தது. பிற்பாடு, 1946இல், அதே ஊரில் கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கியவரும் இவர்தான்.

இப்போது வைரப்பனுக்கு வருவோம். வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளி. தொண்டர்களை அடிக்கிற போலீஸ்காரர்களுக்கு இனி முடி வெட்டுவதில்லை, சவரம் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார். ஒருநாள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சாதாரண உடை. பாதிச் சவரம் முடிந்தபோது ஆள் போலீஸ்காரர் என்று வைரப்பனுக்குத் தெரிந்துவிட்டது. கத்தியை மடக்கிவிட்டு எழுந்துகொண்டார். பாதி மழித்த முகத்தோடு அந்தப் போலீஸ்காரர் வைரப்பனை நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்த, மீதியையும் மழித்துவிடு, விட்டுவிடுகிறேன் என்று நீதிபதி சொல்ல, வைரப்பன் தன் பெட்டியை நீட்டி, வேண்டுமானால் ஐயாவே மழித்துவிடலாம் என்றாராம். ஆறு மாதம் ஜெயில். ஊரில் இந்தக் கதைக்குக் கைகால் முளைத்திருக்கலாம், ஆனால் வேதாரண்யத்தில் வைரப்பனுக்கு நினைவுத்தூண் நிற்கிறது.

சிரித்துவிட்டுப் போகிற கதை இல்லை இது. வெளியூரிலிருந்து வந்து முகாம் போட்டிருக்கும் போலீஸுக்குத் துப்பாக்கி மேலிடத்திலிருந்து வரும். அரிசி, துவைத்த துணி, சவரம், தண்ணீர் எல்லாம் அந்த ஊரிலிருந்துதான் வர வேண்டும். அரசாங்கம் என்பது தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய கட்டடம் என்றுதான் நமக்குத் தோன்றும். வைரப்பனின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அது ஒரு மனிதனின் பாதித் தாடையாக இருந்தது. அவர் கை நின்றதும் அரசாங்கத்தின் ஒரு சின்ன ஓரம் நின்றுபோனது. தார்ன் மக்களைப் பார்த்து, தொண்டனுக்குச் சோறு போடாதே என்றார். ஊர் அதே ஆயுதத்தைத் திருப்பிப் போலீஸின் மீது பிரயோகித்தது.

இதில் நெருடலான ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் கட்டுரை இனிப்பாகிவிடும். வண்ணான் வரக்கூடாது, நாவிதன் வரக்கூடாது, கடையில் சாமான் கொடுக்கக்கூடாது என்று ஓர் ஆளை ஒதுக்குவது காந்தி கண்டுபிடித்ததல்ல. ஊர்விலக்கு என்ற பெயரில் நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் காலங்காலமாகச் செய்தது. கட்டுப்பாட்டை மீறி மணம் செய்தவர்கள் மீதும், அடங்காத தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் மீதும் விழுந்த ஆயுதம் அது. அதையே சுதந்திரப் போருக்குத் திருப்பிக்கொண்டபோது அதன் பழைய வாசனை போய்விடுமா? காந்தியே இந்தச் சமூகப் பகிஷ்காரம் கொடுமையாக மாறிவிடக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார். இன்னொரு பக்கமும் உண்டு. வைரப்பனுடையது சாதி விதித்த தொழில். கூப்பிட்டவருக்குச் செய்ய வேண்டும், மாட்டேன் என்று சொல்லும் உரிமை அந்தத் தொழிலுக்குக் கிடையாது. அவர் ‘மாட்டேன்’ என்றபோது போலீஸுக்கு மட்டும் சொல்லவில்லை. அந்த மறுப்பை ஊர்ப் பெரியவர்கள் அன்றைக்குப் பாராட்டினார்கள், ஏனென்றால் அது போலீஸை நோக்கியிருந்தது. தங்களை நோக்கியிருந்தால்?

சுயமரியாதை இயக்கத்தார் கேட்டது ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான். 1924-25 வைக்கம் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன பெரியார், ஐந்தே ஆண்டில் உப்புச் சத்தியாகிரகத்தைக் கடுமையாக விமரிசிப்பவராக ஆகியிருந்தார். வைக்கத்தில் எதிர்த்தது கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதனை நடக்கவிடாத சாதியை. வேதாரண்யத்தில் எதிர்ப்பது வெள்ளைக்காரனை மட்டும் என்றால் யாருக்கு விடுதலை என்பது அவர் பக்கத்து வாதம். ராஜாஜி வழிநெடுகத் தீண்டாமைக்கு எதிராகப் பேசினார் என்பதும் உண்மை. பேசியதற்கும் ஊர் அமைப்பு அசைந்ததற்கும் நடுவே தூரம் அதிகம் என்பதும் உண்மை.

சரி, கைக்கு என்ன கிடைத்தது? நாடு முழுக்க அந்த ஆண்டில் ஜெயிலுக்குப் போனவர்கள் 60,000 பேருக்கு மேல். 1931 மார்ச் 5ஆம் தேதி காந்தி – இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. கடலோர ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கும் உள்ளூர் விற்பனைக்கும் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. அவ்வளவுதான். உப்புச் சட்டம் இருந்தது, வரி இருந்தது. 1947இல்தான் வரியை எடுத்தார்கள். கணக்குப் பிள்ளை பார்த்தால் இது தோல்வி என்றே எழுதுவார். ஆனால் தூக்கம் கெடாத வைஸ்ராய், ஒரு வருடத்துக்குள் ஜெயிலிலிருந்து வந்த மனிதரைத் தன் மாளிகைக்கு அழைத்து, சமமாக எதிரே உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது. லண்டனில் சர்ச்சிலுக்கு ஆத்திரம் வந்தது ஒப்பந்தத்தின் ஷரத்துகளால் அல்ல, அந்த உட்காரலால்.

அகிம்சை எங்கேயும் எடுபடும் என்ற முடிவுக்கு இதை வைத்து வர முடியாது என்றும் சொல்ல வேண்டும். தார்னுக்கு ஒரு பிரிவு தேவைப்பட்டது. 157 என்று ஒரு எண்ணைத் தேடிப் பிடித்த பிறகுதான் அவரால் சோற்றைத் தடுக்க முடிந்தது. தடுத்த பிறகும் குற்றவாளியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தன் கொடுமைக்கும் சட்டப் புத்தகத்தில் பக்கம் காட்ட வேண்டும் என்று நினைக்கிற அரசிடம்தான் மரக்கிளைப் பொட்டலம் செல்லுபடியாகும். அதே அரசு எல்லா இடத்திலும் அப்படி இருக்கவும் இல்லை. வேதாரண்யம் யாத்திரை நடந்துகொண்டிருந்த அதே ஏப்ரலில், 23ஆம் தேதி, பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் நிராயுதபாணிகளான பட்டாணியர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அங்கே கார்வால் படைப்பிரிவைச் சேர்ந்த சிப்பாய்கள் சுட மறுத்து, அதற்காகப் பல ஆண்டுகள் ஜெயிலில் கிடந்தார்கள். மே 21ஆம் தேதி குஜராத்தின் தாராசனா உப்பளத்தில் கை ஓங்காமல் வரிசை வரிசையாக நடந்துபோனவர்களை இரும்புப் பூண் போட்ட தடியால் அடித்து வீழ்த்தினார்கள். வெப் மில்லர் என்ற அமெரிக்க நிருபர் அங்கே இல்லாமல் போயிருந்தால் உலகத்துக்கு அது இத்தனை விரிவாகத் தெரிந்திருக்காது. ஒரே அரசு, ஒரே வருடம். தஞ்சாவூரில் துண்டறிக்கை, பெஷாவரில் தோட்டா. எந்த மக்களை எப்படி நடத்தலாம் என்பதில் அரசு வைத்திருந்த தரவரிசை அது. தஞ்சாவூருக்கு மென்மையான முகம் கிடைத்தது நம் சாமர்த்தியத்தால் மட்டும் அல்ல.

அப்புறம் ஒரு பின்கதை. 1937இல் தேர்தலில் வென்று சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. மாகாண முதலமைச்சரை அப்போது பிரதமர் என்றுதான் சொல்வார்கள். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியதும் மறியல் ஆரம்பித்தது. சென்னையில் இந்து தியாலஜிகல் பள்ளி வாசலில் போய் நிற்பார்கள், கோஷம் போடுவார்கள், கைதாகி வண்டியில் ஏறுவார்கள். கைக்குழந்தையோடு பெண்கள் ஜெயிலுக்குப் போனார்கள். நடராசன், தாளமுத்து என்ற இரண்டு பேர் 1939இல் கைதிகளாகவே இறந்தார்கள். மறியல் செய்தவர்கள் மீது அரசு பயன்படுத்தியது 1932ஆம் ஆண்டின் கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம். சட்டமறுப்பு இயக்கத்துக் காங்கிரஸ்காரர்களை ஒடுக்க வெள்ளைக்கார அரசு கொண்டுவந்தது. இது நியாயமா என்று காங்கிரஸுக்குள்ளேயே சத்தியமூர்த்தி போன்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி இந்தி எதிர்ப்புத் தொண்டர்கள் ஏறக்குறைய 100 பேர் கால்நடையாகக் கிளம்பினார்கள். பட்டுக்கோட்டை அழகிரிசாமி, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் எல்லாம் அதில் இருந்தார்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, 42 நாள் நடந்து செப்டம்பர் 11ஆம் தேதி சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கிளம்பிய ஊர் திருச்சி. யாரிடம் நியாயம் கேட்டு நடந்தார்களோ அந்தப் பிரதமரின் பெயர் சி. ராஜகோபாலாச்சாரி.